பெருச்சாளி பிரிக்காத விமானத் தபால்

ஒரு காட்டில், விலங்குகள் புலியைவிடத் தபாலின் தாமதத்துக்குப் பயந்து வாழ்ந்த ஒரு காட்டில், ஆமைதான் தபால்காரர். அவர் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மாப்பிள்ளைக்குப் பேரன் பிறந்துவிடும். ஆகவே ஆற்றைத் தாண்டி விமானத் தபால் விடுவதென்று முடிவாயிற்று. கழுகு சம்பளம் போதாதென்று ஒதுங்கிக்கொண்டது. செங்கமலம் என்ற கோழி மட்டும் மனுப் போட்டது. பறக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு எதிரே 'ஓரளவு' என்று எழுதியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது.

முதல் பயணத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. எல்லாம் வெற்று உறைகள். காட்டிலுள்ள தபால் உறைச் சேகரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே அனுப்பிக்கொண்டவை. முதல் விமானத்தில் வந்த முத்திரை இருந்தால் போதும், உள்ளே விஷயம் எதற்கு?

ஒரே ஒரு உறையில் மட்டும் விஷயம் இருந்தது. அக்கரைப் பெருச்சாளி ஒன்று, இக்கரையிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ஒரு சாரைப்பாம்பு வழி விசாரித்ததைக் கேட்டுவிட்டுப் பதறியடித்து எழுதியது அது.

கோழி பறந்தது. நடு ஆற்றில் ஒரு திட்டின் சேற்றில் விழுந்தது. மீதி வழியை எருமை முதுகில் கடந்து வந்தது. கோழிக்கு அடிபட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. உறையில் சேறு பட்டதா என்றுதான் கேட்டார்கள். விபத்தில் சிக்கிய தபாலுக்குத்தான் மதிப்பு அதிகமாம். என்ன ஜென்மங்களோ!

இக்கரையில் தங்கையின் கணவர் பரமானந்தப் பெருச்சாளி, அவரும் ஒரு சேகரிப்பாளர், மச்சான் போட்ட உறையைக் கண்டு பூரித்துப்போனார். சேறு இருந்தது, கோழியின் கால்தடமும் இருந்தது. மனைவி கோமளம் கெஞ்சினாள்.

"எங்க அண்ணன் சும்மா கடுதாசி போடுற ஆளில்லைங்க. பிரிச்சுப் பாருங்க."

"பிரிச்சா வெறும் கடுதாசி. பிரிக்காத வரைக்கும்தான் சரித்திரம்" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துச் சாரைப்பாம்பு வளைக்குள் தலையை நீட்டியது. கோமளம் குட்டிகளை அணைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். பரமானந்தமோ முகம் மலர்ந்தார். சேகரிப்பைப் பார்க்க வீடு தேடி வந்த முதல் விருந்தாளி அல்லவா.

"கையைத் துடைச்சுட்டுத் தொடுங்கண்ணே" என்று உறையை நீட்டினார்.

பாம்பு தன் உடம்பை மேலும் கீழும் பார்த்துச் சங்கடப்பட்டது. அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். கால்தடம் இடதுகாலுடையது என்றார். முத்திரை சாய்ந்திருப்பதற்குக் காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை மறுப்பவர்களுக்குப் பதிலும் சொன்னார். ஆமைத் தபாலின் வரலாற்றுக்கு வந்தபோது பாம்பு கொட்டாவி விட்டது. விழுங்கத் திறந்த வாய் அதற்குத்தான் பயன்பட்டது.

"எனக்குப் பசியே போச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அது மெதுவாகப் பின்வாங்கியது.

"இன்னும் பசையைப் பத்திச் சொல்லலையே அண்ணே" என்று அவர் வாசல்வரை துரத்திக்கொண்டு ஓடினார். பாம்பு ஓட்டமெடுத்தது.

திரும்பி வந்தால், கோமளம் உறையைக் கிழித்துப் படித்துக்கொண்டிருந்தாள். 'சாரை வருது. உடனே ஓடிடுங்க' என்றிருந்தது.

பரமானந்தம் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார். பாம்பு வந்துபோனதற்காக அல்ல.

நீதி: ஆபத்து வந்தால் ஓடாதே. உன் சேகரிப்பை விளக்கு, ஆபத்து ஓடிவிடும். மனைவியிடமிருந்து மட்டும் உறையை ஒளித்து வை.