எண்ணி வைத்த மஞ்சள் இலைகள்

சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பேன். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்பேன். இந்த லட்சணத்தில்தான் கல்யாணமான புதிதில் மலையாள தேசத்து மட்டாஞ்சேரிக்குக் குடிவந்தேன்.

எட்டு வீடு ஏறி இறங்கி ஒன்பதாவதாகக் கிடைத்த வீடு. கீழே வீட்டுக்காரர் சுலோசனா சேச்சி, கொங்கணிக்காரர். மாடியில் நாங்கள். என் மனைவி கவிதாவுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. "இதையும் உங்க வாயால கெடுத்துப் போடாதீங்க" என்று முதல் நாளே கும்பிட்டாள்.

வாயால் கெடுக்கவில்லை. அரிவாளால் கெடுத்தேன்.

கொல்லையில் சேச்சி மஞ்சள் போட்டிருந்தார். தினமும் காலையில் ஒவ்வோர் இலையாகத் தொட்டு எண்ணுவார். முடித்ததும் எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பார். நானோ ஈரோட்டுக்காரன். (மஞ்சளைப் பற்றி எனக்கே பாடமா?) எங்கள் ஊரில் இலையை அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் கிழங்கை வெட்டுவார்கள். அந்த இலையைப் போய் ஒருவர் எண்ணுகிறார் என்றால் சந்தேகமே இல்லை, செய்வினைதான்!

"அவங்க இலைய எண்ணல கவிதா. நம்மளத்தான் எண்றாங்க."

"நாம ரெண்டே பேருங்க. அதுக்கு எதுக்குத் தினமும் எண்ணோணும்?"

ஒருநாள் பார்த்தால் சில இலைகளில் சிவப்பு நூல்! சேச்சி கோயிலுக்குப் போன நேரம், ஒன்று விடாமல் அறுத்துத் தெருவில் திரிந்த ஆடுகளுக்குப் போட்டேன். அவை எந்தச் சந்தேகமும் இல்லாமல் தின்று தீர்த்தன.

திரும்பி வந்த சேச்சி அலறினார். "ஈஸ்வரா! என்டெ மஞ்ஞள் இலை எவிடே?"

"ஆடு மேஞ்சிருக்குமுங்க, சேச்சி."

அவர் என் கையைப் பிடித்து முகர்ந்தார். மஞ்சள் இலையின் வாசனை சோப்புப் போட்டாலும் போகாது.

"ஆடு தின்னா உன் கையில எப்படி மணம் வரும்? நாளைக்கு நாகபஞ்சமியாணு. இலையில அரிசிமாவு தேச்சு, தேங்காயும் வெல்லமும் வச்சு, மடக்கி ஆவியில வேவிக்கணும். பத்தோளி! இருபது பேர் வரும். நல்ல இலையா நோக்கி நூல் கெட்டி வச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் எத்தனை வேணும்னு அறியாமத்தான் தினமும் மேல நோக்கினேன்."

கவிதா மாடிக்குப் போய்ப் பெட்டியை இறக்கித் துணி மடிக்க ஆரம்பித்தாள். நான் பிராட்வே கடைத்தெருவுக்கு ஓடினேன். கடை கடையாகக் கேட்டேன். பண்டிகைக்கு வந்த இலையெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். வெறுங்கையோடு திரும்பியபோது சேச்சி வாழையிலையைக் கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெட்டியோடு கவிதா.

"பெட்டியை மேல கொண்டு வையி மோளே. அவன் செஞ்சதுக்கு நீ எதுக்குப் போகணும்?"

மறுநாள் இருபது பேரும் வாசனையில்லாத பத்தோளியைத் தின்றுகொண்டே என்னை வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்றும் அதே வீடுதான். ஒவ்வொரு நாகபஞ்சமிக்கும் கவிதாவுக்கும் மகளுக்கும் மஞ்சள் இலையில் மணக்க மணக்கப் பத்தோளி மாடியேறி வருகிறது. எனக்கு மட்டும் வாழையிலையில். அப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி என்று மகள் இந்த வருஷம் கேட்டாள்.

கவிதா சொன்னாள்: "உங்கப்பா பங்கு இலைய ஆடு அன்னிக்கே தின்னு போட்டுது கண்ணு."