ஆறு விசிலும் ஒரு ஸ்பேர் சாவியும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குக்கர்ல ஆறு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கணும்.

அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல.

வெள்ளானூர்ல புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகு மாமனார் அன்னிக்குத்தான் முதல் தடவையா சாப்பிட வர்றார். மனுஷன் ஆவடியில டிஃபன்ஸ் ஃபேக்டரியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கார். போல்ட்டு நட்டை உத்துப் பாக்குற அதே கண்ணாலதான் கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் பாத்தார். எனக்கு இன்னும் பாஸ் போடல.

காலையில அவரே கறிக்கடையில நின்னு, எலும்பு ஜாஸ்தி, கொழுப்பு ஜாஸ்தின்னு சண்டை போட்டு மட்டன் வாங்கிக் குடுத்து விட்டிருந்தார். மாமியாருக்கு முட்டி வலி. ஷேர் ஆட்டோவுல ஏத்தி இறக்கிக் கூட்டிட்டு வரணும். அதனால என் மனைவி கவிதா குக்கரை அடுப்புல ஏத்திட்டு, அவங்க இருக்குற ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினா.

“ஏங்க, ஆறு விசில்.”

“நோட் பண்ணிட்டேன்.”

“நோட் பண்ண வேணாம். எண்ணுங்க.”

இந்த நோட் விஷயத்தை உங்ககிட்ட சொல்லியே ஆகணும். காலேஜ் முடிச்சதுல இருந்து என் வாழ்க்கையில நடக்குற எல்லாத்தையும் ஃபோன்ல குறிச்சு வெச்சுக்கிட்டு வர்றேன். செருப்பு வாங்கின கடை, பல் டாக்டர் திட்டினது, படிச்ச கட்டுரை, படிக்கணும்னு சேத்து வெச்சு இந்த ஜென்மத்துல படிக்கப் போகாத கட்டுரை, கண்ட கனவு. எல்லாத்துக்கும் ஃபோல்டர். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர். ஒரு நோட்டுல இருந்து இன்னொரு நோட்டுக்கு லிங்க்.

ஆப் மட்டும் நாலு தடவை மாத்திட்டேன். ஒவ்வொரு தடவையும் பழைய நோட்டு மொத்தத்தையும் மூட்டை கட்டிப் புது ஆப்புல கொண்டுவந்து இறக்குவேன். அம்பத்தூர்ல இருந்து வீடு மாறினப்பகூட சாமானை அவ்வளவு பதவிசா நான் கட்டினதில்ல. அதுக்கு கவிதா இன்னும் திட்டுறா.

என் கொள்கை ரொம்ப சிம்பிள். எழுதி வெச்சுட்டா நிம்மதியா மறந்துடலாம்.

அந்த மறக்குற பாதி மட்டும் எனக்கு அருமையா வேலை செய்யுது.

சரி, குக்கருக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமையானா கரண்ட் மீட்டரை ஃபோட்டோ எடுத்து நோட்டுல ஏத்துறது என் வழக்கம். இதை யாரும் என்கிட்ட கேக்கல. ரீடிங் எடுக்க வர்றவரே கேக்கல. முதல் விசில் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்னு கதவைத் திறந்து போட்டுட்டு, ஃபோனும் கையுமா கீழ இறங்கினேன். மீட்டரை ஃபோட்டோ எடுத்தேன். மேல ஏறி வந்துக்கிட்டே இருக்கேன், நல்ல காத்து.

டமார்!

கதவு சாத்திக்கிச்சு. சாத்தினா தானா பூட்டிக்கிற பூட்டு. சாவி உள்ள. மட்டன் உள்ள. நான் மட்டும் வெளிய, லுங்கியோட.

உள்ள இருந்து முதல் விசில் வந்துச்சு.

சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் டில்லி அண்ணன் கதவைத் திறந்தார். அவர் இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவர். எங்களை மாதிரி வந்தேறிங்களை ஒரு இரக்கத்தோட பாப்பார்.

“இன்னா சார், வெளிய நின்னுகினு கீறீங்க?”

“கதவு பூட்டிக்கிச்சுண்ணே.”

“அடடா. வேற சாவி கீதா?”

“இருக்குண்ணே. ஒரு இடத்துல பத்திரமா வெச்சு, எங்கன்னு நோட்டும் பண்ணியிருக்கேன்” அப்படின்னு பெருமையா ஃபோனைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெருமையை இப்ப நினைச்சாலும் என்னை நானே அறையணும் போல இருக்கு.

ஆப்பைத் திறந்தேன். ‘உங்கள் குறிப்புகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. சற்றே பொறுக்கவும்’னு வந்துச்சு. நீலக் கோடு ஒண்ணு நகர ஆரம்பிச்சுது. நகர்ந்துது. நகர்ந்துக்கிட்டே இருந்துது. இத்தனை வருஷ வாழ்க்கையாச்சே, சும்மாவா?

ரெண்டாவது விசில்.

ஒருவழியா திறந்துச்சு. ‘சாவி’ன்னு தேடினேன். விரலால தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு. பைக் சாவி. ஆபீஸ் டிராயர் சாவி. பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நீளக் கட்டுரை. டில்லி அண்ணன் என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டார்.

“இன்னா சார் இது, ‘கனவில் சாவி தொலைந்தது, பரீட்சை ஹாலில் அழுதேன்’? இத்தக்கூடவா எழுதி வெச்சுகினு கீறீங்க?”

“அதை விடுங்கண்ணே.”

“நல்லாதான் சார் கீது. அப்பால இன்னா ஆச்சு?”

மூணாவது விசில்.

அதுக்குள்ள ஒண்ணு மாட்டிச்சு. ‘ஸ்பேர் சாவி: ஷூ ரேக், கீழ்த்தட்டு, பழைய ஷூவுக்குள்’. பாத்தீங்களாண்ணேன்னு கத்திட்டு, வாசல்ல இருந்த ஷூ ரேக்குல பாஞ்சேன். எல்லா ஷூவுக்குள்ளயும் கைய விட்டேன். ஒரு சாக்ஸ் கிடைச்சுது. ஒரு கரப்பான் கிடைச்சுது. சாவி கிடைக்கல. நோட்டைத் திருப்பிப் படிச்சாத்தான் தெரியுது, அது அம்பத்தூர் வாடகை வீட்டு நோட்டு.

“ஆனா நோட்டு கரெக்டா இருக்குல்லண்ணே?”

“நோட்டு கரெக்ட்டு சார். ஊடுதான் வேற.”

நாலாவது விசில் வந்துச்சு. கூடவே மட்டன் வாசனை. படிக்கட்டு பூரா மணக்குது. டில்லி அண்ணன் கண்ணை மூடி ஒரு இழு இழுத்தார்.

கதவை உடைச்சுடலாமான்னு யோசிச்சேன். ‘கதவு’ன்னு தேடினேன். அந்த நோட்டு உடனே வந்துடுச்சு! கதவு வாங்கின அன்னிக்கு நானே எழுதினது. ‘அருமையான கதவு. யாராலும் உடைக்க முடியாது. மிக்க மகிழ்ச்சி.’

அஞ்சாவது விசில். இப்பத்தான் நிஜமாவே பயம் வந்துச்சு. கடைசியா அந்த நோட்டைப் பிடிச்சேன். தலைப்பு: ‘புது வீடு: ஸ்பேர் சாவி’. அப்படியே அழுகையே வந்துடுச்சு எனக்கு. திறந்தா உள்ள ஒரே ஒரு வரி.

‘பாதுகாப்புக் கருதி, சாவி இருக்கும் இடத்தை இங்கே எழுதவில்லை. பார்க்க: பத்திரமான இடங்கள்.’

‘பத்திரமான இடங்கள்’ங்கிறது இன்னொரு நோட்டுக்குப் போற லிங்க். அமுக்கினேன். கடைசியா ஆப் மாத்தினப்ப அந்த நோட்டு மட்டும் மூட்டையில இருந்து எங்கயோ நழுவி விழுந்திருக்கு. ஆப் ரொம்ப மரியாதையா கேட்டுச்சு: ‘இப்படி ஒரு குறிப்பு இல்லை. புதிதாக உருவாக்கவா?’

டில்லி அண்ணன் படிச்சுப் பாத்துட்டு, “சரின்னு அமுக்குங்க சார். அப்படியே சாவியையும் உருவாக்கிக் குடுக்குதான்னு பாப்போம்” அப்படின்னார்.

ஆறாவது விசில்.

நியாயமா இப்ப நான் அடுப்பை அணைச்சிருக்கணும். என் ஒரே வேலை.

பழைய ஆப்புல அந்த நோட்டு இருக்கும். ஆனா பழைய ஆப் லேப்டாப்புல. லேப்டாப் உள்ள, மட்டனுக்குப் பக்கத்து ரூம்ல.

ஏழு, எட்டு எல்லாம் போயிடுச்சு. அப்புறம் விசில் வர்றதே நின்னுடுச்சு. அது இன்னும் பயமா இருந்துச்சு. மணமும் மாறிடுச்சு.

“சார், தீயுது சார்! ஊட்டம்மாவுக்கு ஃபோன் போடுங்க சார்!”

போட்டேன். ஷேர் ஆட்டோ சத்தம். அதுக்கு நடுவுல கவிதா.

“என்னங்க, அணைச்சிட்டீங்களா?”

“கவிதா, பதட்டப்படாம கேளு. ஸ்பேர் சாவி எங்க வெச்சோம்?”

பின்னாடி மாமனார் குரல் மட்டும் தெளிவா கேட்டுச்சு: “எத்தனை விசில் ஆச்சுன்னு கேளும்மா.”

“ஏங்க, தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப எதிர்வீட்டு டில்லி அண்ணன்கிட்டதானே குடுத்துட்டுப் போனீங்க? திரும்ப வாங்கவே இல்லையே!”

நான் மெதுவாத் திரும்பி டில்லி அண்ணனைப் பாத்தேன். அவர் என்னைப் பாத்தார்.

“அண்ணே.”

“சார்.”

“சாவி உங்ககிட்ட இருக்காம்.”

அவர் முகம் அப்படியே மாறுச்சு. “அடச்சே! ஆமா சார், பிரிட்ஜு மேல டப்பால கீது!” அப்படின்னு உள்ள ஓடினார். ஓடிக்கிட்டே கத்தினார்: “என் மேல தப்பு இல்ல சார்! குடுக்கும்போது நீங்கதான் சொன்னீங்க, ‘அண்ணே, நீங்க ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க வேணாம், நான் நோட் பண்ணிக்கிட்டேன்’னு! நானும் அப்பவே மறந்துட்டேன்!”

என் கொள்கை அக்கம்பக்கத்துக்கும் பரவிடுச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

கதவைத் திறந்து, புகைக்குள்ள நுழைஞ்சு அடுப்பை அணைச்சேன். குக்கரைத் தண்ணியில வெச்சுத் திறந்து பாத்தேன். அடியில தார் ரோடு. மேல மட்டும் கொஞ்சம் கறி, கறுப்புக்கு நடுவுல பாவமா உக்காந்திருந்துச்சு.

சரியா அந்த நேரம் பாத்து மாமனார் உள்ள வந்தார். செருப்பைக் கழட்டினவர் நேரா கிச்சனுக்குத்தான் வந்தார். குக்கருக்குள்ள எட்டிப் பாத்தார். என்னைப் பாத்தார். லுங்கியைப் பாத்தார்.

மேல இருந்து ஒரு துண்டை எடுத்து வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னார்.

“மேல இருக்குறது நல்லா வெந்திருக்கு மாப்ள.”

எனக்கு உயிரே வந்துச்சு.

“என்ன ஆச்சுன்னு கவிதா ஆட்டோவுலயே சொல்லிட்டா. ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கு நடந்ததையும் அந்த நோட்டுல எழுதிடுங்க.”

“எதுக்கு மாமா?”

“எழுதிட்டா மறந்துடலாம்னு சொல்வீங்களாமே. நானும் மறந்துடப் பாக்குறேன்.”

மத்தியானம் எல்லாரும் டில்லி அண்ணன் வீட்டுல மீன் குழம்பு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்ச கையோட, மாமனார் சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம எழுதினேன்.

எந்த ஃபோல்டர்ல போட்டேன்னு தெரியல, அதான் உங்களுக்காக மறுபடி முதல்ல இருந்து எழுதுறேன்.