இரண்டு நிமிட ஆபத்து

ஆஸ்பெஸ்டாஸ் என்ற பொருளே காலடி வைக்காத புண்ணிய பூமி இந்த உலகத்தில் உண்டென்றால், அது போர்ட் பிளேயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த டீசல் பவர் ஹவுஸ்தான். நிர்வாகம் அப்படி எழுத்தில் கொடுத்திருந்தது. நிர்வாகம் பொய் சொல்லுமா?

அந்தப் புண்ணிய பூமியில்தான் பக்கிரிசாமி இருபத்திரண்டு வருடம் புகைக்குழாய்களின் சூடு வெளியே வராமல் வெள்ளைத் துணி சுற்றினார். சுனாமியில் கடல் உள்ளே புகுந்தபோது, ஊறிப்போன பழைய துணியை வெறுங்கையால் பிய்த்தெறிந்து, நாலே நாளில் புதிதாகச் சுற்றி ஊருக்கு வெளிச்சம் கொண்டுவந்தவரும் அவரே. இப்போது ஐந்து படி ஏறினால் ஆறாவது படியில் உட்கார்ந்துவிடுகிறார். நெஞ்சில் கல்நார்த் தூசி, அதாவது அதே ஆஸ்பெஸ்டாஸ், என்று டாக்டர் எழுதிக் கொடுக்க, நஷ்ட ஈட்டுக்கு மனுப் போட்டார். விசாரிக்க, மூன்று அதிகாரிகள் கொண்ட "உயர்மட்டக் குழு" இரண்டாவது மாடியில் கூடியது. மூச்சு வாங்குகிறவரை விசாரிக்க அதைவிடத் தோதான இடம் ஏது? மனைவி சொர்ணம்மா கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்தாள்.

தலைவர் இராமகிருஷ்ணன் அன்பே உருவானவர். "தேக்கோ பக்கிரிசாமி, நீங்க சுத்தினது சாதா துணி. நுக்சான், கெடுதல் ஒண்ணும் கிடையாது. பீடி குடிப்பீங்களா?"

"இல்லீங்க சாப்."

"அடுப்புப் புகை?"

"அடுப்புக்கிட்ட நிக்கிறது என் வீட்டுக்காரிங்க சாப்."

"பாருங்க, அங்கேருந்துதான் வந்திருக்கு" என்றார் இன்னோர் அதிகாரி. குழு அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டது.

பவர் ஹவுஸ்காரர்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றி மிஞ்சிய துண்டு அடுப்படிக்கு வந்துவிடும். நெருப்புப் பிடிக்காது, கை சுடாது. பானை இறக்க அதைப் போல வராது. சொர்ணம்மா வயர் கூடையிலிருந்து அப்படியொரு துண்டை எடுத்து மேசைமேல் உதறினாள்.

"இதாங்க அந்தச் சாதா துணி. பதினெட்டு வருசமா இதாலதான் சோத்துப் பானை இறக்குறேன். இப்ப எனக்கும் இருமலு. நல்லாப் பாருங்க."

வெள்ளைத் தூசி மின்விசிறிக் காற்றில் பறந்தது. குழு அதைவிட வேகமாகப் பறந்தது. "அரே, பாஹர் லே ஜாவ்! வெளிய எடுத்துட்டுப் போங்க!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார் தலைவர். ஒருவர் ஜன்னலில் காலை வைத்து, இரண்டாவது மாடி என்பது ஞாபகம் வந்ததும் வாசலுக்கு ஓடினார்.

"ஏன் சாப் ஓடுறீங்க? நுக்சான் கிடையாதுன்னீங்களே?" என்றார் பக்கிரிசாமி. அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

பதினைந்தாம் நாள், கூட்டத்தில் இருந்த அனைவருக்கும் எல்லா உத்தரவுகளின் நகலும் போகவேண்டும் என்ற விதிப்படி, பக்கிரிசாமி வீட்டுக்கு ஒரே உறையில் இரண்டு உத்தரவுகள் வந்தன.

முதலாவது: "மேற்படி துணி குழுவினரால் நேரில், மிக நெருக்கத்தில், ஆராயப்பட்டது. கெடுதலற்றது. மனு தள்ளுபடி."

இரண்டாவது: "கடமையின்போது இரண்டு நிமிடம் அபாயகரமான தூசிக்கு ஆளான அதிகாரிகள் மூவரும் சென்னைக்கு விமானத்தில் சென்று நெஞ்சுப் பரிசோதனை செய்துகொள்ள அனுமதிக்கப்படுகிறார்கள். செலவு அரசுடையது."

சொர்ணம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ரெண்டு நிமிசம்னா ஆபத்துங்குறாங்களா?"

"ஆமா."

"அப்ப இருபத்திரண்டு வருசம்னா?"

பக்கிரிசாமி இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இருபத்திரண்டு வருசம்னா சாதா துணி" என்றார்.