ஜம்புநாதன் வீட்டுக் கொரியத் தட்டு

தட்டு என்பது சாப்பிடுவதற்கா, எடுத்துச் சொல்வதற்கா? சன்னிவேல் நகரத்து ஜம்புநாதனின் வாழ்க்கை கொஞ்ச காலமாக இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் பசியோடு உட்கார்ந்திருந்த விருந்தாளிகளுக்குத்தான்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். பெயர் விளக்கவுரையாளர். காப்பி கொடுப்பார், அது எந்த மலையில், எத்தனை அடி உயரத்தில் விளைந்தது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வாய் குடித்துவிட முடியாது. கதவைத் திறப்பார், பூட்டின் வரலாறு முடியும்வரை வாசலில் செருப்போடு நிற்க வேண்டும். உப்புக் கேட்டால் உப்பும் வரும், இமயமலையைச் சுற்றிக்கொண்டு. கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் பாதியில் எழுந்து போய்விடலாமே.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தத் தட்டு சிக்கியது. அவர் மகள் ஷ்ரேயா பக்கத்து ஊரான சான் ஹோசேயில் ஒரு கொரியக் குயவர் அம்மாளின் பட்டறையில் வேலை பார்க்கிறாள். கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாய் ஊறவைக்கும் மண்ஜாடி செய்த குடும்பம் அது. களிமண்ணைக் கயிறாகத் திரித்து, சுற்றி அடுக்கி, மரத்துடுப்பால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். ஷ்ரேயா கணினியில் வடிவம் வரைந்து த்ரீ-டி பிரின்டரில் அச்சு எடுப்பாள்; அந்த அச்சின்மேல் அம்மாள் பழையபடி மண்ணைத் தட்டுவார். அப்படிப் பிறந்த முதல் தட்டு, கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கென்றே விளிம்பு உள்பக்கம் வளைந்த தட்டு, அப்பாவிடம் வந்தது. கூடவே ஒரே ஒரு வேலையும் வந்தது.

"அப்பா, ஜஸ்ட் இதுல சாப்பிடுங்க. ரசம் ஓடுதா, விரல் இடிக்குதான்னு சொல்லுங்க. டூ வீக்ஸ்ல மோல்ட் ஃபைனலைஸ் பண்ணணும். அப்புறம் நாப்பது தட்டு சூளைக்குப் போயிடும், மாத்த முடியாது. என் ஃபர்ஸ்ட் ஆர்டர்ப்பா."

ஜம்புநாதன் என்ன செய்தார்? தட்டை ஷோகேஸில் வைத்து மேலே சின்னதாக ஒரு பல்பு போட்டார். வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குப் போனில் காட்டினார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் குழாயை விட்டுவிட்டு அதையே பார்க்கும்படி செய்தார். "இங்கே கையும் இயந்திரமும் ஒன்றையொன்று விசாரிக்கின்றன" என்பது அவர் வாக்கியம். முதல்முறை அதைச் சொன்னதும், மறந்துவிடாமல் இருக்க ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார். சாப்பிட்டீர்களா என்று மகள் தினமும் செய்தி அனுப்பினாள். மூன்று பத்தி நீளத்துக்குப் பதில் போயிற்று. அதில் எல்லாம் இருந்தது, சாப்பாட்டைத் தவிர.

அந்த இரண்டு வாரத்தின் கடைசி ஞாயிறு மதியம் குடும்ப நண்பர் இர்ஃபான் சாப்பிட வந்திருந்தார். ஷ்ரேயாவும் வந்திருந்தாள். ஜம்புநாதன் தட்டை எடுத்தார். இருபது நிமிடம் ஆயிற்று.

"அண்ணே, எல்லாம் ரைட்டு. இதுல சோறு போடுவாங்களா?" என்றார் இர்ஃபான்.

"போடலாம். முதல்ல இந்தத் துடுப்புத் தடத்தைப் பாரு."

"போன வாரமே பாத்தேன்ணே."

"பாதிதான் பாத்தீங்க தம்பி. காரை டோ பண்ணி இழுத்துட்டுப் போறாங்கன்னு சொல்லி ஓடித் தப்பிச்சீங்க" என்றாள் ஜம்புநாதனின் மனைவி கலாவதி.

அச்சின் படத்தைக் காட்டப் போனைத் தேடி ஜம்புநாதன் உள்ளே போனார். அந்த ஒரு நிமிடம் போதும். கலாவதி தட்டை இழுத்து, சோற்றைக் கொட்டி, ரசத்தை ஊற்றி, இர்ஃபான் முன்னால் தள்ளினாள்.

அவர் திரும்பி வந்தபோது இர்ஃபான் பிசைந்துகொண்டிருந்தார். ஷ்ரேயா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரசம் ஓடலம்மா. சூப்பர். ஆனா வழிக்கும்போது கட்டைவிரல் இடிக்குது. வளைவு ஜாஸ்தி."

"எவ்வளவு அங்கிள்?"

"ஒரு பருக்கை அளவு."

"பொன்னியா, பாஸ்மதியா?"

இர்ஃபான் யோசித்தார். "பொன்னி."

அவள் குறித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் அங்கிள். டூ வீக்ஸா இதைத்தான் கேட்டுட்டிருந்தேன்." அப்பா பக்கம் திரும்பவில்லை. ஜம்புநாதன் கையில் அச்சின் படம் தயாராக இருந்தது. காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் ஷ்ரேயா திருத்திய தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். எந்த விரலும் எங்கும் இடிக்கவில்லை. ஜம்புநாதன் அதைக் கலாவதிக்குக் கொடுத்துவிட்டார். ஷோகேஸ் பல்பைக் கழற்றினார். அன்றிலிருந்து தினமும், கட்டைவிரல் இடிக்க இடிக்க, அந்தப் பழைய தட்டில்தான் சாப்பிடுகிறார். ஏன் என்று கலாவதி இரண்டு முறை கேட்டாள். சாதம் போடச் சொன்னார். அவர் விளக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

எனக்குத் தெரியும், உங்களுக்குக் காரணம் பிடிபட்டிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயையும் திறந்திருப்பீர்கள். முதலில் அவர் சாப்பிட்டாரா என்று அவரிடமே கேளுங்கள்.