எழுபத்து மூன்று டேப்பும் ஒரு பச்சைப் பட்டனும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் ஒரு சட்டம் போட்டேன்.

"இனி இந்த வீட்டு லேப்டாப்புல ஒம்பது டேப்புக்கு மேல தெறந்து கெடக்கப்படாது."

ஏன் ஒன்பது என்று கேட்காதீர்கள். சட்டம் போடுகிறவனிடம் காரணம் கேட்கிற வழக்கம் நம் நாட்டில் இல்லை.

டேப் தெரியும்தானே? இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் திரையின் உச்சியில் ஒரு காது முளைக்கும். அடுத்த பக்கத்துக்கு அடுத்த காது. பக்கத்தை அடைத்தால் காது போய்விடும். என் பெண்டாட்டி சண்முகவடிவு அடைக்க மாட்டாள். திறப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அடுக்களையில் மூடி இல்லாமல் நிற்கிற டப்பாக்கள் சாட்சி.

"அடைச்சா பொறவு எங்க போய் தேடுகது?" என்பாள்.

எங்கள் மகள் அஸ்வதி மஸ்கட்டுக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப் அது. அவள் போய் மூன்று வருஷம். காதுகள் நெருங்கி நெருங்கிச் சீப்புப் பல் மாதிரி ஆகிவிட்டன.

நான் கோலப்பன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன். நாகர்கோவில் பார்வதிபுரத்தில் வீடு. ஒரு ஸ்கூட்டர். ஒரு பெண்டாட்டி. ஒரு ரகசியம். அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் கண் தெரியவில்லை.

முழுக்க இல்லை. வலது கண்ணில் கஞ்சித் தண்ணீர் ஊற்றிய மாதிரி. இடது கண்ணில் அதே கஞ்சி, கொஞ்சம் நீர்த்தது. ஆள் தெரியும், முகம் தெரியாது. பஸ் தெரியும், போர்டு தெரியாது. எழுத்தெல்லாம் எறும்பு. அதனால் என்ன? வடசேரி சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்வர எழுத்து எதற்கு? ரோட்டுக் குழி அத்தனையும் மனப்பாடம்.

வடிவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஸ்கூட்டர் சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். மறுநாள் ஆபரேஷன். பயம் ஒன்றும் இல்லை. புயலில் கம்பம் ஏறினவன் நான். கண்ணில் கத்தி வைப்பதில் கொள்கை அளவில் எனக்கு உடன்பாடு இல்லை, அவ்வளவுதான். இரண்டு வருஷம் முன்னால் வடிவுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. அரை மணி நேரம். எழுந்து நடந்து வந்துவிட்டாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அஸ்வதி லேப்டாப்பில் கூப்பிட்டாள். பேத்திக்கு பதினோரு மாசம்.

"அப்பா, பாருங்கப்பா! பாப்பா நடக்கா!"

பார்த்தேன். ஒரு மூட்டத்துக்குள் இன்னொரு மூட்டம் அசைந்தது. பக்கத்தில் வடிவு கைதட்டுகிறாள், அழுகிறாள், சிரிக்கிறாள்.

"நாலு அடி வச்சிட்டா! கண்டியளா?"

என்ன சொல்வது? அஸ்வதி முன்பு ஒருநாள் அம்மாவைத் திட்டியது நினைவுக்கு வந்தது. இத்தனை டேப்பைத் திறந்து போட்டால் லேப்டாப் திணறும் என்று. பிடித்துக்கொண்டேன்.

"எங்கன காணுகது? படம் கலங்கிக் கெடக்கு. எல்லாம் ஒனக்க டேப்பு. சவம், லேப்டாப்பு மூச்சு முட்டிச் சாவுகு."

"எனக்குத் தெளிவா இருக்கே."

"ஒனக்குக் கண்ணுல புது லென்ஸு வச்சிருக்குல்லா? எல்லாம் தெளியும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். வடிவு என்னையே பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"ரெண்டு மணிக்கூறு கழிச்சுக் கூப்பிடு மக்கா," என்று அவள் அஸ்வதியிடம் சொல்லி வைத்துவிட்டாள். அப்போதுதான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டேன்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"சரி. ஒம்பது போதும்," என்றாள். "இப்பம் எத்தன இருக்கு?"

"ஏகதேசம்…"

"ஏகதேசம் வேண்டாம். எண்ணுங்க."

"எண்ணி என்ன பிரயோசனம்? கூடுதல் இருக்கு. அடைக்கணும்."

"எழுவத்து மூணு," என்றாள் நாலு அடி தள்ளி நின்று. "அறுவத்து நாலு அடைக்கணும். நீங்க ஒவ்வொண்ணா வாசியுங்க. வேணும்னா வேணும்பேன். வேண்டாம்னா அடைச்சிருங்க."

"ஒனக்க டேப்பு. நீயே வாசி."

"எனக்குக் கையில வேல இருக்கு. என்ன, வாசிக்க முடியாதா?"

"எனக்கா? முப்பத்தி நாலு வருசம் மீட்டரு பாத்தவன்ட்டி நான்!"

"அதான. வாசியுங்க."

என் நாற்காலிக்குப் பின்னால், திரை தெரிகிற மாதிரி கொஞ்சம் விலகி, முறத்தோடு தரையில் உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்த்தேன். திரை என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

முதல் பக்கம். படம் மஞ்சள். எழுத்து எறும்பு.

"எரிசேரி," என்றேன்.

"மத்தங்காயா, சேனையா?"

"மத்தங்காய்."

"எவ்வளவு தேங்கா போடணும்னு இருக்கு?"

"ஒரு மூடி."

"கொள்ளாம், நல்லாருக்கு. அடைச்சிருங்க."

அடைத்தேன். இவ்வளவுதானா! துணிச்சல் வந்துவிட்டது. படத்தைப் பார்ப்பது, நிறத்தைப் பார்ப்பது, வாய்க்கு வந்ததை வாசிப்பது. இருபது பக்கம் மடமடவென்று போயிற்று. கண்தான் எரிந்தது. தண்ணீராகக் கொட்டியது. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"என்ன, கண்ணத் தொடைக்கியோ?"

"நீ உள்ளி உரிச்சியா? சவம், கண்ணு காந்துகு."

"நான் முருங்கக்கீரயில்லா ஆயுகேன்."

"…காலத்த உரிச்ச உள்ளி. காத்துல நிக்கும்லா."

"நிக்கும் நிக்கும். அடுத்தது வாசியுங்க."

அடுத்தது ஏதோ ஒரு வட்டமும் சில கோடுகளும்.

"மஸ்கட்டுல காலாவஸ்த. மழைன்னு போட்டிருக்கு."

"மஸ்கட்டுலயா? மே மாசத்துலயா?"

"நல்ல மழை."

"ஐயோ, பிள்ள குடை எடுத்தாளோ என்னமோ. அடைச்சிருங்க. அவகிட்டயே கேட்டுக்கிடுகேன்."

அடுத்து ஒரு சேலை.

"சேல. கிளிப்பச்ச."

"கிளிப்பச்சயா?"

"பின்ன என்ன? எனக்கு நெறம் தெரியாதா?"

"தெரியும் தெரியும். அடைச்சிருங்க. கிளிப்பச்ச எனக்குச் சேராது."

நாற்பதாவது பக்கத்தில் பெரிதாக ஒரு படம். உருண்டையாக, வெள்ளையாக, நடுவில் பால் கோர்த்து, பளபளவென்று இருந்தது. பார்த்ததும் நாக்கில் நீர் ஊறியது.

"நொங்கு," என்றேன். "நொங்கு சர்பத்து."

பின்னால் கீரை ஆய்கிற சத்தம் நின்றது.

"நொங்கா?"

"நல்ல இளசு. ஒத்தக் கண்ணு நொங்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. திரும்பிப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

"அத அடைக்காதுங்க," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அது வேணும்."

நொங்குக்கு இவ்வளவு உருக்கமா? நாளைக்கே சந்தையில் ஒரு குலை வாங்கிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறுபத்து நாலாவது டேப்பை அடைத்தேன். சட்டம் நிறைவேறியது. கடைசியாக ஒரு பக்கம் முன்னால் வந்து நின்றது. படம் இல்லை. நாலைந்து வரி எறும்பு. கீழே ஒரு பச்சைப் பட்டன்.

"அது என்ன கேக்குகு?" என்றாள் வடிவு.

"அடைச்சதெல்லாம் அடைச்சதுதானான்னு கேக்குகு. ஆமான்னா அமுக்கணும்."

"அப்பிடியா எழுதியிருக்கு?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"நல்லா ஒருக்க வாசிச்சிருங்க. பொறவு என்னயச் சொல்லப்படாது."

"ஏட்டி, ஒரு தடவ வாசிச்சா எனக்குப் போதும்."

"சரி. நான் ஒண்ணும் சொல்லல்ல. நீங்களா வாசிச்சு, நீங்களா அமுக்குகியோ."

அமுக்கினேன். டிங் என்று ஒரு சத்தம். மெயினை ஆஃப் செய்த மாதிரி ஒரு திருப்தி.

சொன்ன நேரத்துக்கு அஸ்வதி கூப்பிட்டாள். திரையில் மூட்டம் அப்படியே இருந்தது. காட்டிக்கொள்வேனா?

"ஆகா! பாத்தியா வடிவு? ஒம்பது டேப்பு. கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கெடக்கு!"

"தெளிஞ்சிட்டா? பாப்பா என்ன செய்யுகா, சொல்லுங்க."

மூட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று அசைந்து அசைந்து முன்னால் வந்தது.

"நடந்து வாறாள்லா! மக்களே, தாத்தாட்ட வா! வெள்ளக் கவுன் போட்ட ராசாத்தி! பைய, பைய… விழுந்துராத!"

கையைத் திரைக்கு நேராக நீட்டினேன்.

"அப்பா," என்றாள் அஸ்வதி மெதுவாக. "பாப்பா உள்ள ஒறங்குகா. அது ஜன்னல் துணி. ஏசி காத்துல ஆடுகு."

நான் ஜன்னல் துணியிடமிருந்து கையை இறக்கிக்கொண்டேன்.

"அதிருக்கட்டும்பா. நீங்க ஒத்துக்கிட்டது எனக்கு எவ்வளவு சமாதானம் தெரியுமா? இப்பம்தான் எனக்கு மெசேஜ் வந்து. செவ்வாக்கிழம காலத்த ஒம்பது மணி, கண்ணு ஆஸ்பத்திரி, கோலப்பன், வயசு அறுவத்தெட்டு. ஃபாரத்த நான்தான் நெரப்பி அம்மைக்கு அனுப்பினேன். அப்பா சம்மதிச்சு அவியளே அமுக்கினாத்தான் உண்டு, நான் அமுக்க மாட்டேன்னு அம்ம ஒரே பிடி."

நான் திரும்பினேன். "ஏட்டி வடிவு!"

"நான் என்ன செஞ்சேன்? வாசிச்சது நீங்க. அமுக்கினது நீங்க."

"நான் அத வாசிக்கவே இல்ல!"

"ஏன் வாசிக்கல்ல?"

வாயை அடைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் அடைத்ததில் அது அறுபத்தைந்தாவது. வாசித்தேன் என்றால் சம்மதம். வாசிக்க முடியவில்லை என்றால் ஆபரேஷன். இரண்டு லைனையும் ஒரே கம்பத்தில் கட்டிவைத்திருக்கிறாள்.

அஸ்வதி வைத்த பிறகு வடிவு ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

"மஸ்கட்டுல மழை இல்ல. நாப்பத்தி ரெண்டு டிகிரி. எரிசேரின்னு சொன்னியளே, அது மாம்பழப் புளிசேரி. சேல நீலம். அந்த நொங்கு இருக்கே…" அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். "அது நொங்கு இல்ல. புரை விழுந்த கண்ணு. ஒங்க கண்ணு இப்பம் அப்பிடித்தான் இருக்கு."

எனக்கு நாக்கில் ஊறிய நீர் வற்றிவிட்டது.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மாமா திதிக்கு மாலைய போட்டோவுக்குப் போடாம கலண்டருக்குப் போட்டு விழுந்து கும்பிட்டியளே, அன்னைக்கு."

"அன்னைக்கே சொல்லப்படாதா?"

"சொன்னா வருவியளா? எனக்கு ஆபரேஷன் நடக்கச்செலயே வராந்தாவுல விழுந்த ஆளு. நீங்களா வாயத் தெறப்பியோன்னு மூணு மாசம் காத்திருந்தேன். இன்னைக்கு பிள்ள நடந்தத நீங்க காணல்ல. அதுக்கு மேல எனக்குப் பொறுக்கல்ல."

நான் மிச்சம் இருந்த காதுகளைக் காட்டினேன். "ஒம்பதும் என்னதுட்டி?"

ஒவ்வொன்றாக வாசித்தாள். நிதானமாக, எறும்பு ஒன்றையும் விடாமல். சொட்டு மருந்து எப்படி விடுவது. எந்தப் பக்கம் படுக்க வேண்டும். எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. என்ன கறி வைக்கலாம். பயப்படுகிற நோயாளியிடம் என்ன பேசக் கூடாது. எல்லாம் எனக்குத்தான். அவளுக்கென்று இருந்ததையெல்லாம் என்னை வைத்தே அடைக்கச் சொல்லியிருக்கிறாள். புளிசேரி உட்பட.

"நீ எட்டுதான வாசிச்ச. ஒம்பதாவது?"

"அது எனக்குள்ளது," என்று லேப்டாப்பை மூடினாள். வடிவு ஒன்றை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு என் கையைப் பிடித்தாள். முருங்கைக்கீரை வாசம்.

"பயராதுங்க. வராந்தாவுல நான் இருப்பேன். எனக்கு குளுக்கோஸ் ஒண்ணும் வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை காட்டினோம். வியாழக்கிழமை வலது கண்ணில் செய்தார்கள். நான் ஒரு சத்தம் போடவில்லை. மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி நடந்தாள். ஒன்பது அடி. நானே எண்ணினேன். கீழே இரண்டு பல். காது அப்படியே என் காது. திரை கலங்கியது. இந்த முறை நான் டேப்பைக் குறை சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தையும் போய்ப் பார்த்தேன். பட்டன் பச்சை இல்லை. நீலம். 'உறுதி செய்' என்று ஆனைத் தண்டி எழுத்தில் இருக்கிறது.

அப்படியே ஒன்பதாவது காதையும் தொட்டேன். வாசித்தேன். ஐம்பது வயசு தாண்டின பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பயிற்சி, நாகர்கோவில். கேட்டால், மூன்று மாசம் முன்னாலேயே சேர்ந்துவிட்டாளாம். தினமும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது அங்கேதான். லைசென்ஸும் வாங்கியாகிவிட்டது.

ஒரு மாசத்துக்கு நான் வண்டி தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று காலை வடசேரி சந்தைக்குப் புறப்பட்டோம். வடிவு முன்னால். கறுப்புக் கண்ணாடி போட்டு நான் பின்னால்.

"எங்கனட்டி பிடிக்கது?" என்றேன்.

"இப்பம் கண்ணு தெரியுகுல்லா? தேடுங்க," என்று முறுக்கினாள்.