கல்யாண வருடத்துக் கூரை

எல்வுட்டின் வலது கால் முழங்கால் வரை கூரைக்குள் இறங்கியிருந்தது. பாசி சுரண்ட ஏறியவர் மரத்தை மிதித்து உடைத்துவிட்டார். பார்க்க ஆளில்லை. மனைவி ஆர்லீன் ஹாலிஃபாக்ஸ் நகரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நாளை மதியம் வந்துவிடுவாள். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

சாதாரணக் கூரையா அது? கல்யாணமான கோடையில் இருவரும் சேர்ந்து போட்டது. அவள் ஏணியில் நின்று செடார் மர ஓடுகளை எடுத்துக் கொடுக்க, இவர் ஆணியடித்தார். காற்றுகூட நுழையக் கூடாதென்று ஓட்டோடு ஓடு ஒட்டும்படி நெருக்கி வைத்தார். கடல் காற்று பட்டு இப்போது எல்லாம் வெள்ளி நிறம். ஒவ்வொரு கோடையிலும் படகுத்துறையில் உட்கார்ந்து விருந்தாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்வார். ஆர்லீன் குறுக்கே பேசாமல், கூரையைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவையும் சொல்வார்.

முதலில் ஓட்டையில் புது ஓடுகளை அடித்தார். இறங்கி நின்று பார்த்தால், நரைத்த தலையில் ஓரிடத்தில் மட்டும் மருதாணி வைத்த மாதிரி சிவப்பாகத் தெரிந்தது.

சரி, பின்பக்கத்துப் பழைய ஓடுகளைப் பெயர்த்து முன்பக்கம் வைத்துவிடலாம் என்று கடப்பாரையை நுழைத்தார். கிழட்டு மரம், பாளம் பாளமாகப் பிளந்தது. இப்போது பின்னாலும் ஓட்டை. ஓடுகளுக்கு நடுவே ஆணி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததைக் கவனித்தார். மரமும் நம்மைப் போல வயதாகிச் சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே ஆர்லீன் பாட முயன்றதும், சிரிப்பில் ஏணி ஆடியதும் நினைவுக்கு வந்து, கூரை மேலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. வினிகரில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை ஊறவைத்துப் பூசினால் புது மரம் பழசாகும். ஊரில் பலசரக்கு விற்கும் மர்னாவின் கடைக்கு ஓடினார்.

"என்ன எல்வுட்டு, இவ்வளவு வினிகரு?"

"வெள்ளரிக்கா ஊறுகா போடறேங்க்கா."

"இரும்பு நாரு போட்டா?"

அவர் காது கேளாதவர் போல வெளியே வந்துவிட்டார்.

ஊறிய நீரைப் பூசினார். ஒட்டுப் போட்ட இடம் அடுப்புக்கரியாகக் கறுத்தது. வித்தியாசம் தெரியாமலிருக்கச் சுற்றியிருந்த பழைய ஓடுகளுக்கும் பூச, அவையும் கறுத்தன. பயந்துபோய்ச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்தார். தேய்த்த இடமெல்லாம் மஞ்சள் கோடு. விடிந்து பார்த்தால் கறுப்பும் மஞ்சளும் வெள்ளியுமாக வீட்டின் மேல் ஒரு மூவண்ணப் பூனை படுத்திருந்தது. விரிகுடாவில் போன படகுக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுபடி மர்னாவின் கடைக்குப் போய் இன்னொரு வினிகர் பாட்டிலை எடுத்தார். இந்தத் தடவை மறைக்கத் தெம்பில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்.

"நான் உடைச்சது வெறும் மரமில்லக்கா. அந்தக் கோடை மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. ஆர்லீன் தாங்கமாட்டா."

மர்னா அவர் கையிலிருந்த வினிகர் பாட்டிலை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். விட்டா நீ என் கடையவே காலி பண்ணிருவ போலிருக்கு. நீங்க போட்ட கூரை மூணு குளிர்காலம்தான் தாங்கிச்சு, எல்வுட்டு. இடைவெளியே விடாம அடிச்சியா, மழையில ஊதி எழும்பிருச்சு. நீ கப்பல் வேலைக்குப் போயிருந்தப்ப ஒரு பெரிய காத்துல மொத்தமாப் பறந்துபோச்சு. ஆள் வச்சுப் புதுசாப் போட்டது ஆர்லீன்தான். தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு, பழசு மாதிரி காட்ட இதே கடையிலதான் வினிகர் வாங்கிட்டுப் போனா."

எல்வுட் அலமாரியில் இருந்த வினிகர் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஒண்ணு, அவ தண்ணி கலந்து பூசினா."