புகையில்லா அடுப்பும் திருஷ்டிப் பானையும்

ஏட்டி வள்ளி, ஏலே சங்கரா, வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் உங்கள் அம்மா, "உங்கப்பாவ ஒரு பானை வைக்கச் சொல்லு" என்பாள். நீங்களும் சிரிப்பீர்கள். மீதியையும் கேட்டுவிடுங்கள். மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது.

தொண்ணூறுகளில், நீங்கள் கைப்பிள்ளைகளாக இருந்தபோது, சொந்த வீடு இருக்கிற ஏழைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. பாதி விறகு போதும். புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். நம் தெருவில் முதல் அடுப்பு நமக்கு. இது நன்றாக எரிந்தால்தான் மற்ற வீடுகளுக்கும் என்று ஒன்றிய அலுவலக அதிகாரி சொல்லியிருந்தார். அதற்காக மிகவும் காத்திருந்தது பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா. அடுப்பு ஊதி ஊதி அவளுக்கு இளைப்பு. (அவள் இருமல் கேட்டுத்தான் நாங்கள் எழுந்திருப்போம்.)

அடுப்பு கட்டிய கொத்தனார், "குழாய் வாயை மட்டும் மூடிராதீங்க" என்றார். நான் எங்கே மூடினேன்? தெருவே அண்ணாந்து பார்க்கிறது, கண்ணேறு படுமே என்று, கரி பூசிச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பானையைக் குழாய்மேல் கவிழ்த்தேன். அவ்வளவுதான். (எட்டாம் வகுப்பு வரை போன மூளை.)

மறுநாள் அதிகாரி வந்தார். அம்மா பால் காய்ச்சத் தீ மூட்டினாள். மேலே போன புகை போன வேகத்தில் திரும்பி வந்தது. அதிகாரி எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை; இருமல் மட்டும் கேட்டது.

"இதுக்குப் பேரு புகையில்லா அடுப்பாக்கும்," என்றாள் வாசலில் நின்ற பேச்சியக்கா. "எங்க வீட்டுப் புகைக்காவது வெளிய போக வழி தெரியும்."

"குழாய் சரியாத்தான இருக்கு அண்ணாச்சி?" என்றார் அதிகாரி.

எனக்குப் பானை ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி ஏறி இறக்குவது?

"சரியாத்தான் இருக்கு சார்."

இந்த அடுப்பு இங்கே ஒத்துவராது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் பானையை இறக்கினேன். அடுப்பு ஜோராக எரிந்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்; பேச்சியக்காவிடமும் சொல்லிவிட்டாள்.

"நல்லா வச்சேரு தம்பி பானை," என்று அக்காவும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவேயில்லை. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த அடுப்பு கடைசிவரை அக்கா வீட்டுக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இதுதான். அதிகாரி வந்துபோன மறுநாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டு, மூன்றாவதில் எழுதினேன்: "ஐயா, அடுப்பின்மேல் குற்றமில்லை. நேற்று நான் பொய் சொன்னேன். பேச்சியம்மாள் வீட்டுக்கு முதலில் கொடுக்கவும்." கையெழுத்துப் போட்டு, மனுப் பெட்டிக்குள் தள்ளினேன். தாள் உள்ளே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பெட்டிமேல் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.